வைக்கோல் கட்டும் இரும்புச் சந்தையும்

நாட்டுப்புறப் பாடல் என்ற சொல்லை நாம் யோசிக்காமல் புழங்கி வருகிறோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது: வயலும் ஏற்றமும் நாற்று நடவும் உள்ள இடத்தில்தான் ஜனங்கள் பாடுவார்கள் என்பது. 1964ல் வந்த நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ பெரிய காரியம். ஆனால் அவருக்குப் பின் பாட்டுத் தேடிப் போனவர்களில் பெரும்பாலோர் கிராமத்துக்கே பஸ் ஏறினார்கள். ராயபுரம் பக்கம் வந்தவர்கள் குறைவு.

நான் இருப்பது சாத்தாங்காட்டில். பகலில் இரும்புச் சந்தையின் சப்தம். லாரியிலிருந்து ஆங்கிளும் சேனலும் இறங்கிக்கொண்டே இருக்கும். இரவில், சாவு விழுந்த வீட்டில், கானா. எங்கள் தெருவில் லோடு ஏற்றும் பெரியவர் ஒருவர் இறந்தபோது, பாட வந்த பையன் என்னிடம் கேட்டான்: “அண்ணே, பெரியவரு எந்த யார்டுல இருந்தாரு?” சொன்னேன். பத்து நிமிஷத்தில் அந்த யார்டு பாட்டுக்குள் வந்துவிட்டது. பிள்ளைகளின் பெயர்கள் வந்தன. மறுநாள் அதைத் திரும்பப் பாடச் சொன்னேன். சிரித்தான். “அது அவருக்குப் பாடுனதுண்ணே.”

இந்தப் பதிலோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு இசைத்தட்டு உண்டு. சிகாகோவுக்குப் பக்கத்துப் புறநகரான மேவுட்டில் தபால்காரராக இருந்த ஜான் பிரைனின் முதல் தொகுப்பு; 1971ல் வந்தது. தபால் கொடுத்து நடக்கும்போதே பாட்டுக் கட்டியவர் அவர். தந்தை கெண்டக்கியிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி. ஆக அந்தக் ‘கன்ட்ரி’ இசை, ஆலைப் புறநகருக்குக் குடிவந்தவர்கள் மூட்டையில் கொண்டுவந்த ஞாபகம். ஆனால் கம்பெனி என்ன செய்தது? அவரை வைக்கோல் கட்டுகளின்மேல் உட்காரவைத்து அட்டைக்குப் படம் எடுத்தது. அதற்குமுன் தன் ஆயுளில் வைக்கோல் கட்டில் உட்கார்ந்ததில்லை என்று பின்னால் அவரே சொன்னார். ஜனங்களின் பாட்டு என்றால் வைக்கோல் வேண்டும். அங்கும் அதே தீர்ப்புதான்.

நம் சினிமா கானாவுக்கு வேறொரு வேஷம் கட்டியது. தொண்ணூறுகளில் தேவாவின் இசை வழியாகக் கானா தமிழ்நாடெங்கும் போய்ச் சேர்ந்தது, வாஸ்தவம். ஆனால் பெரும்பாலும் குடிக்கும் கும்மாளத்துக்கும் உரிய பாட்டாகவே போயிற்று. அதிலிருந்த சாவு மறைந்தது. 2018 ஜனவரி 6ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் தடவையாக மேடை ஏறியபோது 19 பேரும் கோட்டு சூட்டு அணிந்திருந்தார்கள். பா. ரஞ்சித்தும் தென்மாவும் சேர்த்த குழு அது. அயோத்திதாசர் தமிழரைச் சாதியற்றவர் என்று குறித்ததிலிருந்து அதன் பெயர் வந்தது. ஆண்கள் பாட்டாகவே இருந்த கானாவை அங்கே இசைவாணியும் பாடினார். யாரோ கொடுத்த வைக்கோலில் உட்கார மறுத்தவர்களின் உடை என்றே அந்தக் கோட்டை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இருந்தாலும் பையன் சொன்னது அப்படியே நிற்கிறது. ஒருவருக்கென்று பாடியதை எல்லோருக்குமாகப் பதிவுசெய்வது எப்படி? பிரைனின் தொகுப்பில் வியட்நாம் போரிலிருந்து காயத்தோடும் போதைப் பழக்கத்தோடும் திரும்பிச் செத்துப்போகும் சிப்பாயைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. பெயர் உண்டு, பெண்சாதி பிள்ளைகள் உண்டு, செத்த விதம் உண்டு. நம் கணக்கில் அது சாவு வீட்டுப் பாட்டேதான். ஆனால் அந்தச் சிப்பாய் கற்பனை. பிரைன் ஒரு பிணத்தை சிருஷ்டித்து அதை எல்லோர் வாசலிலும் கிடத்தினார். தெருவுக்குத் தெரிந்த சாவை விட்டுவிட்டு, தெரியாதவனும் அழக்கூடிய ஒரு சாவைக் கட்டுவதுதான் முதல் தொகுப்பின் வேலை. கானாவில் அதற்கான திறமை குறைவில்லை. பத்து நிமிஷத்தில் ஒரு ஆயுளைக் கட்டுகிறவனுக்கு இது முடியாதா? முடியும். அதற்கு அவன் தரும் விலையை நாம் அறிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

லோடு ஏற்றிய பெரியவரின் பாட்டு இப்போது எங்கும் இல்லை. யார்டின் பெயரை அந்தப் பையன் எந்த ராகத்தில் இழுத்தான் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது. பெயரைச் சொன்னவன் நான்தான்.