குதிகால் வலி: ஏடு காத்த பெயரும் கை காத்த தொழிலும்

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் முள் தைத்தாற்போல் எழும் வலியை இன்றைய மருத்துவம் ‘பிளாண்டர் ஃபேசியைடிஸ்’ என்கிறது. குதியெலும்பிலிருந்து விரல்களை நோக்கி உள்ளங்காலில் ஓடும் தடித்த இழைப்பட்டையைப் பற்றிய நோய் இது. சுசுருதர் கூறும் ‘வாதகண்டகம்’ இதுவே என்று இக்கால ஆயுர்வேத எழுத்துகள் பல கொள்கின்றன. வடமொழியில் கண்டகம் என்பது முள். ஆதலால் இப்பொருத்தம் எளிதில் மனங்கவர்கிறது. மூலச் சொற்களோ ஐயத்திற்கு இடம் தருகின்றன.

பாதத்தைச் சமமின்றி ஊன்றுவதால் சீற்றமுறும் வாயு ‘குடகம்’ என்னும் இடத்தைப் பற்றி வலி தருகிறது என்பது சுசுருத சம்ஹிதையின் விளக்கம். அஷ்டாங்க ஹிருதயத்தில் வாக்படர் அவ்விடத்தை ‘குல்பம்’, அதாவது கணுக்கால் என்கிறார். குதிகாலுக்கு ‘பார்ஷ்ணி’ என்னும் தனிச்சொல் வடமொழியில் இருந்தும், இருவரும் இந்நோயின் விளக்கத்தில் அதனை ஆளவில்லை. கணுக்கால் சுளுக்கும் இப்பெயருள் அடங்கியிருத்தல் கூடும்.

சிகிச்சையிலும் இதே இடைவெளி தென்படுகிறது. வாதகண்டகத்திற்குச் சுசுருதர் விதிப்பது குருதி வாங்கலும், வாத நோய்களுக்குரிய பொது மருத்துவமும் ஆகும். பாதத்தில் எண்ணெயிட்டுத் தேய்க்கும் பாதாப்பியங்கத்தைச் சரகர் நோய்ப்பகுதியில் வைக்காமல் அன்றாட ஒழுக்கத்துள் வைக்கிறார். வறட்சி, விறைப்பு, களைப்பு, மரத்துப்போதல் ஆகியன நீங்கும் என அங்கே பயன்கள் கூறப்படுகின்றன. விரலை எவ்விடத்தில், எவ்வளவு அழுத்துவது என்பது கூறப்படவில்லை.

அந்நுட்பத்தை அறிந்தோர் பிடித்துவிடும் தொழிலினர். காமசூத்திரம் இதனை அறுபத்து நான்கு கலைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. அதன் உரையாசிரியர் யசோதரர், காலால் மிதித்துத் தேய்ப்பதையும் கையால் பிடித்துவிடுவதையும் வெவ்வேறு பெயர்களால் பிரித்துக் காட்டுகிறார். சூத்திரகரின் ‘மிருச்சகடிகம்’ நாடகத்தில் வரும் சம்வாககன், தான் கலையாகக் கற்றது பின்னர் வயிற்றுப்பிழைப்பாயிற்று என்கிறான். நாடகத்திலும் அவனுக்கு இயற்பெயர் இல்லை. தொழிலின் பெயரே அவன் பெயர்.

பெயர் சிகிச்சையை வழிநடத்துவது நவீன மருத்துவத்திலும் உண்டு. ‘ஐடிஸ்’ என்னும் கிரேக்க ஈறு அழற்சியைக் குறிப்பது. அழற்சி எனக் கொண்டதால் ஸ்டீராய்டு ஊசி இயல்பான தீர்வாகத் தோன்றியது. 2003இல் லெமண்ட் குழுவினர், அறுவையில் எடுக்கப்பட்ட 50 நேர்வுகளின் திசுக்களை ஆராய்ந்து, அங்கே அழற்சியைக் காணாமல் திசுச் சிதைவையே கண்டனர். தொடர்ந்து ஊசி போடும் வழக்கத்தை மறுஆய்வு செய்யவேண்டும் என்றும் கூறினர். கெண்டைத்தசையையும் உள்ளங்கால் பட்டையையும் கையால் தளர்த்தும் முறை, நீட்டல் பயிற்சியுடன் இன்று இயன்முறை மருத்துவ வழிகாட்டுதல்களில் இடம்பெறுகிறது.

இதனைக் கொண்டு பண்டையோர் இழைப்பட்டையை அறிந்திருந்தனர் என நிறுவ இயலாது. ‘முள்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மருத்துவ நூல்களில் மட்டும் இவ்வரலாற்றைத் தேடுவோர், கைத்தொழிலாக இதனைக் காத்துவந்த சம்வாககர்களைத் தவறவிடுவர். நாடகமும் உரைநூலும் இத்துறைக்கு முதன்மைச் சான்றுகளாவது இதனாலேயே.