மூன்று காசும் முழு வழிபாடும்

ஆலுவா மணப்புறத்தில் எழுந்தருளியுள்ள சிவபெருமானைப் பெரியாறு பெருகிவந்து மூழ்குவிப்பதை ‘ஆறாட்டு’ என்று அடியார்கள் போற்றுவர். அப்பேராறே அளவு கடந்தபோது மக்கள் உற்ற துயரும், அதனைத் துடைத்த கைகளும் நினைவிற் கொள்ளத்தக்கன.

கொல்லம் ஆண்டு 1099 கர்க்கடகத்தில், அதாவது 1924 ஜூலையில், மலையாள நாட்டில் ஏறக்குறைய மூன்று வாரம் பெருமழை பொழிந்தது. ஊர்கள் நீரில் அமிழ்ந்தன; மூணாற்றின் சிறு இருப்புப்பாதை மீண்டும் அமைக்கப்படாவண்ணம் அழிந்தது. ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று அதனை அந்நாட்டார் இன்றும் குறிப்பர்.

காந்தியடிகள் ‘யங் இந்தியா’, ‘நவஜீவன்’ இதழ்களில் உதவி வேண்டினார். மங்கையர் அணிகலன்களை ஈந்தனர். சிலர் ஒருவேளை உணவையும், சிலர் பாலையும் துறந்து பொருள் தந்தனர். ஒரு சிறுமி திருடியேனும் மூன்று காசு கொணர்ந்தாள். 6,994 ரூபாய்க்கு மேல் சேர்ந்தது.

94 ஆண்டுகள் கழிந்து, 2018 ஆகஸ்டில், அங்கு மீண்டும் பெருவெள்ளம் சூழ்ந்தது. கடற்கரை மீனவர்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டிற்கு விரைந்தனர். அவர்களால் கரையேறியோர் சுமார் 65,000 பேர் என்று அரசு அறிவித்தது. ஒரு மீனவர் நீரிற் கவிந்து, தம் முதுகையே படியாக்கிப் பெண்டிரைப் படகேற்றினார்.

அணிகலனும், மூன்று காசும், வளைந்த முதுகும் ஆண்டவன் சந்நிதியில் ஒரே நிறையுடையன. திருப்பணிக்கு ஈயும் கை துயருற்றார்க்கும் நீளுமாயின், அதுவே முழு வழிபாடாகும்.