தூரிகை பிடித்த கைகள்

நவராத்திரி நெருங்கும்போது பழைய பெட்டிகளைத் திறந்து, நிறம் மங்கிய கொலுப் பொம்மைகளுக்குப் புதுவண்ணம் தீட்டும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. ஆதலின், கற்பனைப் பலகை விளையாட்டுகளுக்குரிய விரலளவுப் பாவைகளுக்கு மேனாட்டார் மணிக்கணக்காக வண்ணம் தீட்டுவதைக் கண்டு நாம் வியப்படைய வேண்டுவதில்லை. எனினும் அக்கலைக்கு நாம் அறிந்து பயன்பெறத்தக்க வரலாறு ஒன்று உண்டு. தூரிகை யார் கையில் இருந்தது என்பதே அவ்வரலாற்றின் உயிர்நாடி.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகைமேல் நிறுத்திச் சதுரங்கம் கண்டது நம் பாரதம். படைவீரனைச் சிற்றுருவாக வார்த்து, வண்ணமும் பூசி விற்கும் தொழில் பெருகி வளர்ந்ததோ ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹில்பெர்ட் என்னும் வெள்ளீயக் கம்மியர், தட்டையான வெள்ளீய வீரர்களை அங்கு வார்த்தார். 1839-இல் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் வகுத்த ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரமே பின்னர் பொது அளவாயிற்று.

வார்த்தெடுத்த பாவைகளுக்கு வண்ணமிட்டவர் யாவர்? வீட்டிலிருந்தே குறைந்த கூலிக்கு உழைத்த பெண்டிரும் சிறுவருமே. வார்ப்பித்த முதலாளியின் பெயர் பெட்டியில் ஒளிர்ந்தது. வண்ணமிட்டவர் பெயரை எவரும் எழுதி வைத்திலர். செல்வர் வீட்டுப் பிள்ளை மகிழ்ந்து ஆட, வறியோர் வீட்டுப் பிள்ளை கண்நோகத் தூரிகை பிடித்தது.

1893-இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம், உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்க்கும் முறையைக் கண்டது. அவையும் வண்ணமிடப்பெற்றே கடைக்கு வந்தன. 1913-இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், இத்தகைய வீரர்களைத் தரையில் நிறுத்திப் போர் விளையாடும் விதிகளை நூலாக வெளியிட்டார்.

தூரிகை ஆடுவோர் கைக்குப் பெருமளவில் மாறியது கற்பனை விளையாட்டுகளின் வரவால்தான். 1971-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் இருவரும் இயற்றிய 'செயின்மெயில்' விதிகளில் மந்திரவாதியும் பறவை நாகமும் போர்க்களம் புகுந்தனர். 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டனர். விந்தை விலங்குகளின் உருவங்கள் கடையில் அரிதாயிருந்தமையால், மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளையே கைகாக்ஸ் பயன்படுத்தினார். பின்னர் இங்கிலாந்தில் 1983-இல் 'வார்ஹேமர்' தோன்றியது. 1989-இல் வந்த 'ஹீரோ குவெஸ்ட்' பலகை விளையாட்டோ, வண்ணமிடாத வீரன், குள்ளன், மந்திரவாதி முதலிய பாவைகளை எண்ணற்ற இல்லங்களுக்குக் கொண்டு சேர்த்தது.

அப்பாவைகளுக்கு வண்ணமிடும் முறை எளிதாயினும் நுட்பமானது. முதலில் அடிப்பூச்சு, அதன்மேல் உடைக்கும் உடலுக்கும் உரிய நிறங்கள். பின்பு நீர்த்த கருநிறத்தை வழியவிட்டால் அது மடிப்புகளில் தங்கி நிழலாகும். இறுதியாக, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிர்நிறத்தை மேடான இடங்களில் தடவினால் அவை ஒளிபெறும். இத்துணைச் சிறிய உருவில் இயற்கை ஒளி போதிய நிழலைத் தராது. ஆதலின் நிழலையும் ஒளியையும் ஓவியனே படைக்க வேண்டும்.

2000-இல் 'மேஜ் நைட்' என்னும் விளையாட்டு, வண்ணமிட்ட பாவைகளையே பெட்டியில் வைத்து விற்றது; 2003-இல் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' பாவைகளும் அவ்வாறே வந்தன. சீனத் தொழிற்சாலைகளில் பெயரறியாத் தொழிலாளர் தூரிகை பிடித்தனர். நூரம்பர்க் நகரின் பழங்கதை வேறு மண்ணில் மீண்டது எனலாம். எனினும் 2021-இல் மறுபிறப்பெடுத்த 'ஹீரோ குவெஸ்ட்' வண்ணமிடாப் பாவைகளுடனேயே வந்தது. தூரிகை எடுப்போரும் குறையவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஒரே தூரிகை, கூலிக்கு வற்புறுத்தப்பட்ட சிறுவனுக்குச் சுமை. தானே விரும்பி எடுத்த சிறுவனுக்குக் கலை. நம் குடியிருப்புப் பிள்ளைகள் சாம்பல்நிறப் பாவை ஒன்றைக் கையிலேந்தி அமர்ந்தால், 'வீண்பொழுது' என்று கடிந்துகொள்ளாதிருப்போம். கொலுப்படியில் ஒரு வரிசையையும் அவர்கள் கைவண்ணத்துக்கு ஒதுக்குவோம். கடையில் வாங்கும் வண்ணப் பாவையைக் காணுங்கால், அதற்கு நிறம் தந்த பெயரறியாக் கைகளையும் நினைந்து போற்றுவோமாக.