ஜூரோங்கில் எழுந்த நாவல் வழக்கு

சிங்கப்பூரின் மேற்கே ஆலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிறைந்துள்ள ஜூரோங், தொழிற்பேட்டையாக மாறுவதற்கு முன்பே ஒரு பல்கலைக்கழகத்தின் இருப்பிடமாக விளங்கியது. ரப்பர் வணிகர் டான் லார்க் சை 1953-இல் விடுத்த அழைப்பைத் தொடர்ந்து, ஹொக்கியன் சங்கம் வழங்கிய 500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில், செல்வர்கள் முதல் திரிஷா ஓட்டுநர்கள் வரை பலரும் அளித்த நன்கொடையால் எழுந்த நன்யாங் பல்கலைக்கழகம், சீனமொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டது. ஆயினும், ஆங்கில இலக்கியம் இம்மண்ணில் யாருக்காகக் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் கேள்வி கூர்மையாக எழுப்பப்பட்டது இந்தச் சீனமொழி நிறுவனத்தின் தொடக்க நாள்களில்தான்.

அதன் முதல் வேந்தராக 1954-இல் வந்து, சில மாதங்களிலேயே பதவி விலகிய லின் யூடாங், தாமே ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் புகழ் பெற்றவர். ஆங்கில இலக்கியம் கற்பிக்குமாறு அவர் அழைத்தவர், சீனத் தந்தைக்கும் பெல்ஜியத் தாய்க்கும் பிறந்து, மருத்துவராகவும் ஆங்கில நாவலாசிரியராகவும் திகழ்ந்த ஹான் சூயின். டிக்கன்ஸைக் கற்பிப்பதைவிடப் புதிய ஆசிய இலக்கியம் உருவாகத் துணைநிற்பதே தம் விருப்பம் என்று கூறி அப்பணியை மறுத்த அவர், மாணவர்களின் உடல்நலம் பேணும் மருத்துவப் பொறுப்பை ஏற்றார். பின்னர் அங்கேயே தற்கால ஆசிய இலக்கியம் பற்றி விரிவுரையாற்றினார். டிக்கன்ஸின் தகுதியை அவர் ஐயுறவில்லை. தம் நாட்டு வாழ்வை எழுத்தில் காணாத மாணவருக்கு முதலில் வேண்டியது எது என்பதே அவருடைய கவலை.

இதற்கு முன்பும் மலாயாவில் ஆங்கில நாவலாசிரியர்களைப் பற்றிய மனத்தாங்கல் இருந்தது. 1921-இலும் 1925-இலும் இப்பகுதிக்கு வந்து சென்ற சாமர்செட் மாம், 1926-இல் 'தி காஷுவரினா ட்ரீ' என்னும் கதைத் தொகுதியை வெளியிட்டபோது, விருந்தோம்பிய வீட்டாரின் அந்தரங்கத்தை அம்பலப்படுத்திவிட்டார் என்று ஆங்கிலேயத் தோட்ட அதிபர்களும் அதிகாரிகளும் சினந்தனர். அச்சினம் வெள்ளையர் தம் மானத்தைக் குறித்துக் கொண்டது. அக்கதைகளின் ஓரத்தில் பெயரின்றி நடமாடிய ஆசியர்களின் நிலை அவர்களை உறுத்தவில்லை.

1956-ஆம் ஆண்டில்தான் வழக்கு வேறு வடிவம் கொண்டது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948 முதல் 1960 வரை மலாயாவில் நடைமுறையிலிருந்த 'அவசரகாலம்' எனப்படும் நெருக்கடிநிலையின் நடுவே, அதே ஆண்டில் இரண்டு ஆங்கில நாவல்கள் வெளிவந்தன. கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் ஆசிரியராக இருந்த அந்தோணி பர்ஜஸ் எழுதிய 'டைம் ஃபார் எ டைகர்' ஒன்று. ஹான் சூயினின் 'அண்ட் த ரெய்ன் மை டிரிங்க்' மற்றொன்று. பர்ஜஸ் நகைச்சுவையால் எல்லா இனத்தாரையும் ஒரே மேடையில் ஏற்றினார். அவருடைய முந்நாவல் வரிசையின் இறுதிப் பகுதியில் வைத்திலிங்கம் என்னும் யாழ்ப்பாணத் தமிழரும் வருகிறார். இத்தனை இனங்களை அறிந்தெழுதிய ஆங்கிலேயர் வேறு எவர் என்று வியந்தவர்களும், ஆசியர்களைக் கேலிச்சித்திரங்களாக்கினார் என்று குறைகூறியவர்களும் உண்டு. இரு கூற்றிலும் உண்மை இருக்கிறது.

ஹான் சூயினின் நாவலோ கேலிக்கு இடம் தரவில்லை. முள்வேலிக்குள் மக்களை அடைத்த குடியேற்றங்களையும், பிடிபட்டபின் காவல்துறைக்கு உளவு சொல்லும் பெண்ணையும் அது காட்டுகிறது. ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறுவதற்கே காலத்தைச் செலவிட்டதனால் நோயாளிகளின் மொழிகளைக் கற்க இயலாமற்போன மருத்துவர்களை அதன் மருத்துவமனைப் பகுதி நம்முன் நிறுத்துகிறது. குடியேற்ற ஆட்சியின் கல்விமுறை மீது வைக்கப்பட்ட இதைவிட வலிய குற்றச்சாட்டைக் காண்பது அரிது. நாவல் ஆங்கிலேயருக்கு எதிரானது என்ற எண்ணம் அதிகாரிகளிடையே பரவ, காவல்துறையின் சிறப்புப் பிரிவில் பணியாற்றிய அவருடைய கணவர் லியோன் கோம்பர் பதவி விலக நேர்ந்தது.

1960 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில், கவிஞரும் நாவலாசிரியருமான ராபர்ட் கிரேவ்ஸைப் பற்றிப் பேராசிரியர் டி. ஜே. என்ரைட் ஆற்றிய தொடக்கவுரையும் இதே புண்ணைத் தொட்டது. சாரோங் உடுத்துவதாலும், பந்துன் எனப்படும் மலாய் நாலடிப் பாடல் போட்டிகளாலும் பண்பாடு உருவாகிவிடாது என்னும் பொருள்பட அவர் பேசியதை அரசு கண்டித்தது. மாணவர்கள் அவர் பக்கம் நின்றனர். அப்போது பண்பாட்டு அமைச்சராக இருந்தவர், இலண்டனில் ஆங்கிலச் சிறுகதைகள் வெளியிட்டவரும் யாழ்ப்பாணத் தமிழருமான எஸ். ராஜரத்தினம்.

தமிழ் வாசகரும் இலக்கிய மதிப்பீட்டுக்குப் புதியவர் அல்லர். 1952-இலேயே 'தமிழ் முரசு' இதழில் சுப. நாராயணன் நடத்திய 'ரசனை வகுப்பு' கதைகளை அலசிப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்தது. 1980-இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டு நன்யாங் பல்கலைக்கழகம் மறைந்தபின்னும், அதன் பழைய நிர்வாகக் கட்டடம் ஜூரோங்கில் தேசிய நினைவுச்சின்னமாக நிற்கிறது. அங்கே எழுந்த கேள்வியை மனத்தில் கொண்டு, பர்ஜஸையும் ஹான் சூயினையும் அருகருகே வைத்து, தோட்டத் தமிழரின் கண்கொண்டு படித்து எழுத வேண்டிய கடமை சிங்கப்பூர், மலேசியத் தமிழ் ஆய்வாளர்களுக்கு உண்டு; அதை அவர்கள் விரைந்து மேற்கொள்ள வேண்டும்.