புளியங்கொட்டைக்கு பிரேக் கிடையாது

பொழிச்சலூரில் எங்கள் மொட்டை மாடியில் சார்ட் பேப்பரை விரித்துக் கட்டம் போட்டாயிற்று. புளியங்கொட்டைதான் விண்கலம். தாயக்கட்டைக்கு வேலையில்லை. போன தடவை எந்தப் பக்கம் எத்தனை கட்டம் போனாயோ, இந்தத் தடவையும் அத்தனை கட்டம் தானாகப் போயாக வேண்டும். மாற்றணுமா? ஒரு ரூபாய்க் காசு ஒன்றைக் கீழே வை, ஒரே ஒரு கட்டம் கூட்டிக்கொள், இல்லை குறைத்துக்கொள்.

"பிரேக் எங்கே சித்தப்பா?" என்றான் அண்ணன் மகன். தலைக்கு மேலே ஒரு விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அது சாய்ந்து திரும்பக் காற்று இருக்கிறது. புளியங்கொட்டைக்கு அதுவும் இல்லை.

இந்த விதி எனக்கு முந்தியது. 1973-இல் அமெரிக்காவில் வந்த 'டிரைபிளானட்டரி' என்ற பலகை ஆட்டத்தில் இருந்தது. அங்கிருந்து, பாத்திரம் ஏற்று ஆடும் 'டிராவலர்' ஆட்டத்துக்கு 1977-இல் குடிபோனது. இரண்டிலும் மார்க் மில்லரின் கை உண்டு.

"மொத்தம் எத்தனை காசு?" என்பது பையனின் அடுத்த கேள்வி. அதற்கு நான் செவ்வாய்க்குப் போன மங்கள்யானிடம் போனேன். 1337 கிலோ கலத்தில் 852 கிலோ எரிபொருள். காசுக்கு ஐம்பது கிலோ என்றால் பதினேழு காசு. பெரிய எஞ்சினின் உந்துவிசையோ 440 நியூட்டன். தரையில் ஐம்பது கிலோ அரிசி மூட்டையைத் தூக்கக்கூடப் பத்தாது.

2013 நவம்பர் 5-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளப்பிய பி.எஸ்.எல்.வி.க்கு அதை நேரே செவ்வாய்க்கு அனுப்பும் வலு இல்லை. பூமியைச் சுற்றிச் சுற்றி வட்டத்தைப் பெரிதாக்கியதிலேயே ஏழு காசு காலி. நடுவில் நவம்பர் 11 அன்று நொடிக்கு 130 மீட்டர் கூட வேண்டிய வேகம் 35 மட்டுமே கூடியது. மறுநாள் மிச்சத்தை ஈடுகட்டினார்கள். டிசம்பர் 1-இல் இருபத்திரண்டு நிமிடம் எரிந்து பூமியை விட்டது. 198 கிலோ, நாலு காசு.

அப்புறம் பெரிய எஞ்சின் பத்து மாதத்துக்குக் கிட்டத் தூக்கம். கலம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எழுந்திருக்குமா என்று பார்க்க 2014 செப்டம்பர் 22-இல் நாலே நொடி எரித்தார்கள். 24-ஆம் தேதி இருபத்து மூணு நிமிடம். இந்தத் தடவை வேகத்தைக் குறைக்க: அஞ்சு காசு. மிஞ்சியது ஒன்று, சுமார் நாற்பது கிலோ. ஆறு மாதத்துக்கென்று போன கலம் 2022 வரை பேசிக்கொண்டிருந்தது.

பையனுக்குச் செவ்வாய் போதவில்லை. ஊரில் இருப்பதோ வட திருநள்ளாறு என்று பேர்பெற்ற அகத்தீஸ்வரர் கோயில், சனிக்குத்தான் போவானாம். பதினேழு காசையும் வேகத்துக்கே கொட்டினான். கொட்டை சனியைத் தாண்டி, சார்ட்டையும் தாண்டி, வடகம் காயும் துணியில் போய் உட்கார்ந்தது.

"ஆட்டம் முடிஞ்சுதா?"

"இல்லடா, அடுத்த தடவையும் பதினேழு கட்டம்." தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக எண்ண ஆரம்பித்தோம்.