கேம்பிரிட்ஜ் ரோடும் ஒரு மதராஸ் சண்டையும்

1942 பிப்ரவரி 17 அன்று இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியர் கையில் ஒப்படைக்கப்பட்ட, சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் திடலில் போன வாரம் நின்றோம். இந்த வாரமும் அதிக தூரம் போகவேண்டாம். பக்கத்திலேயே பெக் கியோ சந்தை. அது இருக்கும் தெரு கேம்பிரிட்ஜ் ரோடு. அதே வட்டாரத்தில் ஆக்ஸ்ஃபர்ட் ரோடும் உண்டு. ஆங்கிலேயர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை இங்கே தாராளமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அசல் கேம்பிரிட்ஜ் ஒருகாலத்தில் மதராஸோடு மல்லுக்கு நின்றது. இந்தத் தெருப்பலகையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

சண்டை கொலாஜனைப் பற்றியது. இப்போது அழகுக்காக டப்பாவில் தூளாக விற்கிறார்களே, அதே கொலாஜன்தான். ஆட்டுக்கால் சூப் ஆறினால் கட்டியாக உறைகிறதல்லவா, அதுவும் கொதியில் முறுக்கு அவிழ்ந்த கொலாஜன்தான். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் வலு தரும் புரதம் அது. 1950களின் தொடக்கத்தில் அதன் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது யாருக்கும் பிடிபடவில்லை.

அணுக்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒன்றிரண்டு ஆங்ஸ்ட்ராம்தான். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாக வகுத்தால் ஒரு ஆங்ஸ்ட்ராம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியது. ஒளியைக் கொண்டு பார்க்கும் எந்த மைக்ராஸ்கோப்பிலும் அணு தென்படாது. செம்பில் எலெக்ட்ரான்களை மோதவிட்டுக் கிடைக்கும் எக்ஸ்-கதிரின் அலைநீளமோ 1.54 ஆங்ஸ்ட்ராம். அது அணு வரிசைகளில் பட்டுச் சிதறும். சிதறிய அலைகள் சில திசைகளில் ஒன்றையொன்று கூட்டும், சில திசைகளில் அழித்துவிடும். ஃபிலிமில் விழும் புள்ளிகளின் இடத்தையும் கருமையையும் அளந்து, அணுக்கள் எங்கே இருந்தால் இப்படி விழும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடவேண்டும். 1912-இல் இயற்பியலாளர் லாவே தொடங்கிவைத்த வித்தை இது. அடுத்த ஆண்டே பிராக் தந்தையும் மகனும் இதை வைத்து உப்பின் அமைப்பைச் சொன்னார்கள். ஆனால் உப்பு ஒழுங்கான படிகம். கொலாஜன் நாரில் தெளிவான புள்ளிகள் கிடைக்காது; மங்கலான சில வளைவுகள்தான் விழும். மிச்சம் ஆராய்ச்சியாளரின் மூளைக்கு.

அந்த மூளை ஜி.என்.ராமச்சந்திரனுடையது. எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி.ராமனிடம் பயின்றவர். 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜில் வூஸ்டரிடம் படிகங்களில் எக்ஸ்-கதிர் சிதறலையே ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். மதராஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் ராமனை அழைக்க, ராமன் கைகாட்டியது இவரை. 1952-இல் இயற்பியல் துறைத் தலைவரானபோது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அந்த ஆண்டு மதராஸ் வந்த விஞ்ஞானி பெர்னால், கொலாஜனுக்கு இதுவரை சொன்ன அமைப்பு எதுவும் தேறவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் பிடித்துக்கொண்டார். அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது கங்காருவின் வால் தசைநாண்.

கொலாஜனின் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு கிளைசீன். அப்படியானால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசீன்தான் இருக்கவேண்டும், இழைகளும் மூன்றாக இருக்கவேண்டும் என்று ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஊகித்தார்கள். 1954-இல் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தது. ஆனால் எக்ஸ்-கதிர்ப் படத்தோடு அது முழுவதும் ஒத்துவரவில்லை. நிலா பூமியைச் சுற்றும்போது ஒரே முகத்தையே காட்டுகிறதல்லவா, அந்த யோசனை கைகொடுத்தது: மூன்று இழைகளும் சடைபோல ஒன்றையொன்று சுற்றவேண்டும், கிளைசீன் எப்போதும் உள்ளே பார்க்கவேண்டும். 1955 செப்டம்பரில் திருத்திய அமைப்பு வந்தது.

சில வாரங்களிலேயே கேம்பிரிட்ஜிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் ரிச், கிரிக் இருவரும் பதில் எழுதினார்கள். சடை சரி, ஆனால் மதராஸ் மாதிரியில் சில அணுக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்பது நடக்காது, ஒன்றுதான் என்றார்கள். வெளிநாட்டுப் புத்தகங்கள் பலவற்றில் கேம்பிரிட்ஜ் பெயரே முன்னால் நின்றது. முதலில் சொன்னவர்களைப் பின்னால் தள்ளியது நியாயமல்ல என்பதே என் கட்சி. ஆனால் பிணைப்பு விஷயத்தில் கேம்பிரிட்ஜ் சொன்னதே பெரிதும் நின்றது. 1994-இல் பெல்லா, பிராட்ஸ்கி, பெர்மன் குழு கொலாஜன் போன்ற ஒரு துண்டைப் படிகமாக்கிப் பார்த்தபோது நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் இருந்தது. கூடவே, இழைகளுக்கு நடுவே பாலம் போடும் நீர் மூலக்கூறுகளும் இருந்தன. அப்படியொரு நீர்ப்பாலத்தை 1968-லேயே ராமச்சந்திரன் சொல்லியிருந்தார்.

அணுக்கள் நெருக்கியடிக்கின்றன என்ற குற்றச்சாட்டை அவர் கோபத்தோடு விட்டுவிடவில்லை என்பதுதான் முக்கியம். அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளைப் புரட்டி, ஒவ்வொரு ஜோடி அணுவுக்கும் குறைந்தபட்சத் தூரத்தைத் திரட்டினார்கள். புரதச் சங்கிலி ஒவ்வொரு கண்ணியிலும் ஃபை, சை என்ற இரண்டு கோணங்களில் திரும்பும். எந்தக் கோணத்தில் அணுக்கள் முட்டும், எதில் முட்டாது என்று சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவரோடு சேர்ந்து 1963-இல் வரைந்ததுதான் ராமச்சந்திரன் வரைபடம். என்னைக் கேட்டால் மூவிழையைவிட இதுவே பெரிய சாதனை. இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் இந்தப் படத்தில் குறித்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

ஆக்ஸ்ஃபர்டை மறந்துவிடவில்லை. ஃபேரர் பார்க்கில் ரயிலேறி ஹார்பர்ஃபிரண்டில் மாறிப் போனால் கென்ட் ரிட்ஜ். அங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹீலியோஸ் 2 என்ற வளைய இயந்திரம் நிறுவப்பட்டது. செய்தது ஆக்ஸ்ஃபர்ட் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். 4.5 டெஸ்லா மீக்கடத்திக் காந்தங்கள் எலெக்ட்ரான்களை வளைக்கும். வளையும்போது அவை எக்ஸ்-கதிரைச் சிந்தும். சுற்றளவு 10.8 மீட்டர்தான். இதன் மூத்த இயந்திரமான ஹீலியோஸ் 1-ஐ ஐபிஎம் வாங்கியது சிப் அச்சடிக்க. அந்தத் தொழில் வேறு வழியில் போய்விட்டது. இங்கு வந்த தம்பியோ மெல்லிய படலங்களின் அணு அடுக்கை அளக்கும் வேலைக்கு வந்து சேர்ந்தது.