மறுக்கப்பட்ட அறையும் திறந்த விடுதியும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து சென்னை சென்று வீடு தேடும் நம் இளைஞர்களிடம், வாடகை பேசுமுன்னரே "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று வினவுவோர் இன்றும் உளர். இவ்வினா புதிதன்று.

கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர் 1917இல் பரோடா அரசுப் பணியேற்றார். உறைவிடம் கிடைக்காமையால் பார்சியர் விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். 11ஆம் நாள் தடியேந்தி வந்தோர் அவரை வெளியேற்றினர். நண்பர் இருவரும் இடமளிக்கவில்லை. பூங்காவில் காத்திருந்து பம்பாய்க்கு இரயிலேறினார். கற்ற கல்வி அன்று அவருக்கோர் அறையைப் பெற்றுத்தரவில்லை.

எனினும் அவர் தளர்ந்தாரில்லை. அவர் நிறுவிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. கல்வியோடு உறைவிடமும் வேண்டும் என்பதே நாம் பெறும் பாடம். நகரில் வேரூன்றிய நம்மவர், பின்வரும் பிள்ளைகளுக்கு முதல் மாதமேனும் இடமளிப்பாராக!